மன்னிப்பு மலிவா?

“உங்கள் மதம் வசதியான மதமப்பா! சனிக்கிழமை மாலை பாவத்தைச் சொல்லிவிடலாம். திங்கட்கிழமை காலை மறுபடியும் தொடங்கலாம்.”

விடுதி உணவுக்கூடத்தில் நண்பர் ஒருவர் என்னைப் பார்த்து இவ்வாறு நகையாடினார். உடனிருந்தோர் சிரித்தனர். நானும் சிரித்தேன். ஆயினும் அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அவர் கூறியது கிறிஸ்தவ சமயத்தைப் பொறுத்தவரை உண்மையன்று. என்னைப் பொறுத்தவரை உண்மை!

மாணவத் தோழர்களே! பிறர்க்கு அறம் உரைக்கும் தகுதி எனக்கில்லை. பட்டுத் தெளிந்த ஒன்றை மட்டும் சொல்லிக்கொள்ள உங்கள் அனுமதியை வேண்டுகிறேன்.

நான் பெங்களூர் ஜீவனஹள்ளியில் வளர்ந்தவன். தண்டுப் பகுதியை ஒட்டித் தமிழர் தலைமுறை தலைமுறையாக வாழும் இடங்களுள் அதுவும் ஒன்று. எங்கள் தெருவில் எதிர்வீட்டு அக்கா சீட்டு நடத்தி வந்தார். நான் பி.யூ.சி. படித்த காலத்தில், ஒருநாள் அம்மா என்னிடம் 3,000 ரூபாய் கொடுத்து அவரிடம் சேர்க்கச் சொன்னார். அக்கா கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தார். “அலமாரி மேல வச்சிட்டுப் போடா” என்றார். வைத்தேன், ஆனால் 2,500 தான் வைத்தேன். சிறிது நேரத்தில் பால் பாக்கெட் போடும் பையன் அந்த வீட்டிற்குள் வந்து போனான். மாலையில் பணம் குறைந்தது தெரிந்தது. பழி யார்மேல் விழுந்தது என்று நான் சொல்லவேண்டுமா? அவன் வேலை போயிற்று. என் வயதுதான் அவனுக்கு. நான் வாய் திறக்கவில்லை.

தவக்காலம் வந்தது. கோயிலில் முழந்தாளிட்டு, பத்துப் பாவங்களுக்கு நடுவே இதையும் ஒன்றாகச் சொன்னேன். “பணத்தைத் திருப்பிக் கொடுத்தாயா?” என்று கேட்டார் குருவானவர். “கொடுத்துவிடுகிறேன் சாமி” என்றேன். பாவப் பொறுத்தலும் பெற்றேன். இறகைப்போல் இலேசாக வீடு திரும்பினேன். வழியில் டீக்கடை ஓரத்தில் அந்தப் பையன் வேலையின்றி உட்கார்ந்திருந்தான். என் சுமை இறங்கிவிட்டது. அவன் சுமை இறங்கவில்லை. அதைக் கண்டும் ஓராண்டு காலம் நான் ஒன்றும் செய்யவில்லை.

கடவுள் மன்னித்துவிட்டார் என்றால் கணக்கு முடிந்ததா? நண்பரின் நகைப்புக்குள் இருந்த வினா இதுதான்.

முடியவில்லை என்பதே என் துணிபு. கத்தோலிக்கர் இந்தத் திருச்சடங்கை முன்னாளில் ‘பாவசங்கீர்த்தனம்’ என்றனர்; பாவத்தை எடுத்துச் சொல்லுதல் என்பது அதன் பொருள். இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் பின் 1973-இல் சடங்குமுறை திருத்தம் பெற்றது. இன்று நாம் ‘ஒப்புரவு’ என்கிறோம். சொல் மாற்றம் சிறிது. பொருள் மாற்றம் பெரிது. சொல்லுதற்கு ஒரு வாய் போதும். ஒப்புரவாவதற்கோ இருவர் வேண்டும். வள்ளுவர் ‘ஒப்புரவறிதல்’ என ஓர் அதிகாரமே வகுத்து, ஊரோடு ஒத்துப் பிறர்க்கு உதவும் வாழ்வை அச்சொல்லால் குறித்தார். கடவுளோடு ஒப்புரவாகி, பால்காரப் பையனோடு பகையாய் நிற்பவன் எவ்வாறு ஒப்புரவானவன் ஆவான்?

“மீட்பு அருளால் வருவது, செயலால் வாங்குவதன்று” என்று சீர்திருத்த சபைத் தோழர்கள் இடைமறிக்கலாம். உண்மை. 1517-இல் மார்ட்டின் லூத்தர் எதிர்த்தெழுந்ததே மன்னிப்பைக் காசுக்கு விற்ற கொடுமையைக் கண்டுதான். கடனைத் திருப்பிக் கொடுத்து விண்ணுலகை விலைக்கு வாங்கலாம் என்று நானும் கூறவில்லை. லூக்கா நற்செய்தியில் வரும் சக்கேயுவை எண்ணிப் பாருங்கள். வரி தண்டும் தலைவனாகிய அவன் வீட்டிற்கு இயேசு தாமாகவே விருந்தினராகச் செல்கிறார். அருள் முந்துகிறது. அதன் பின்னரே அவன் எழுந்து நின்று, பாதிச் சொத்தை ஏழைகட்கும், ஏமாற்றிப் பெற்றதை நான்கு மடங்காக உரியவர்கட்கும் தருவதாக வாக்களிக்கிறான். திருப்பித் தருதல் மன்னிப்பின் விலையன்று, மன்னிப்பின் கனி. கனியே இல்லாத மரத்தை எந்தத் தோட்டக்காரன் நம்புவான்?

நெல்லை மாவட்டத்துக் கரையிருப்பில் வைணவக் குடியில் பிறந்து, 1858-இல் திருமுழுக்குப் பெற்ற எச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் ‘இரட்சணிய யாத்திரிகம்’ 1894-இல் வெளிவந்தது. ஜான் பனியன் 1678-இல் வெளியிட்ட ஆங்கில நூலைத் தழுவிய காப்பியம் அது. பாவச் சுமை தாங்கிய பயணியின் முதுகிலிருந்து சிலுவையடியில் அச்சுமை நழுவி விழுகிறது. எப்போது? கதையின் முடிவிலா? இல்லை. அதற்கப்பால்தான் நெடும்பயணம் கிடக்கிறது. சுமை இறங்கியவன் நடக்கவேண்டும். நானோ சுமையை இறக்கிவைத்த இடத்திலேயே படுத்து உறங்கிவிட்டேன்.

இனி, மன்னிப்போர் பக்கமும் நோக்குவோம். கேரளத்தில் பிறந்த அருட்சகோதரி ராணி மரியா, மத்தியப் பிரதேசத்தில் ஏழை உழவர்க்காக உழைத்ததால் செல்வாக்குடையோரின் பகையைத் தேடிக்கொண்டார். 1995 பிப்ரவரி 25 அன்று ஓடும் பேருந்தில் சமந்தர் சிங் என்பவன் அவரைக் குத்திக் கொன்றான். 2002-இல் அவருடைய தங்கை, அவரும் துறவியே, சிறைக்குச் சென்று கொலையாளியின் கையில் ராக்கி கட்டி அவனை உடன்பிறந்தான் ஆக்கிக்கொண்டார். அவன் 2006-இல் விடுதலையானான். ராணி மரியாவுக்கு 2017 நவம்பரில் இந்தூரில் அருளாளர் பட்டம் அளிக்கப்பெற்றது.

1999 ஜனவரியில் ஒரிசாவின் மனோகர்பூரில் கிரஹாம் ஸ்டெயின்சும் அவருடைய இரு சிறு மைந்தரும் உயிரோடு எரிக்கப்பட்டனர். கொன்றவர்களை மன்னிப்பதாக அறிவித்தார் அவர் மனைவி கிளாடிஸ். ஆனால் வழக்கு நின்றுவிடவில்லை. முதன்மைக் குற்றவாளிக்கு 2003-இல் விதிக்கப்பட்ட மரண தண்டனையை 2005-இல் உயர்நீதிமன்றம் ஆயுள் தண்டனையாக்கியது. 2011-இல் உச்சநீதிமன்றம் அதனை உறுதி செய்தது. மன்னிப்பு வேறு, நீதி வேறு. ஒன்று மற்றொன்றை விழுங்கவேண்டியதில்லை என்பதை இவ்விரு நிகழ்ச்சிகளும் காட்டவில்லையா?

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. அந்தத் தங்கையிடமோ கிளாடிஸிடமோ சென்று, “மன்னிப்பது உன் கடமை” என்று அதட்டும் உரிமை கொன்றவர்க்கு இல்லை. மன்னிக்கச் சொல்லும் கட்டளை கிறிஸ்து கொடுத்தது; குற்றவாளி எடுத்துச் சுழற்றும் கருவியன்று. நம் குடும்பங்களிலும் சபைகளிலும் அடிபட்டவரைப் பார்த்து, “நீ கிறிஸ்தவன்தானே, மறந்துவிடு” என்று அடித்தவரே கூறுவதை நான் கேட்டிருக்கிறேன். இதைவிடப் பெரிய பாவம் வேறு வேண்டுமா?

நண்பரின் நகைப்பைக் கேட்ட அந்த வார இறுதியிலேயே ஊருக்குச் சென்றேன். அக்காவிடம் 500 ரூபாயை நீட்டி உண்மையைச் சொன்னேன். நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு, “பணம் கெடக்கட்டும்டா. அந்தப் பையனுக்கு என்ன பதில் சொல்லப் போறே?” என்றார்.

அவனைத் தேடினேன். கேஸ் சிலிண்டர் போடும் வேலையில் இருந்தான். சொன்னேன். அவன் என்னை அடிக்கவில்லை. “எங்கிட்ட சொல்லாத. எங்கம்மாகிட்ட வந்து சொல்லு. என் புள்ள திருடனாடான்னு அவங்கதான் அழுதாங்க” என்றான். சென்றேன். அந்தத் தாயின் முன் நின்று சொன்னேன். பிறகு அக்காவையும் அங்கு அழைத்து வந்தேன். அக்கா அந்த அம்மாவின் கையைப் பற்றிக்கொண்டு அழுதார்.

அவன் என்னை மன்னித்தானா என்று கேட்பீர்கள். இல்லை, இன்றுவரை இல்லை. எதிரே கண்டால் தலையை மட்டும் அசைப்பான். அவன் மன்னிப்பு அவனுடைய சொத்து. அதைக் கேட்கலாம், காத்திருக்கலாம், பறிக்கமுடியாது.

ஆகவே நகையாடிய நண்பருக்கு என் விடை இது: மன்னிப்பு இலவசம், மலிவன்று. இலவசமாய்ப் பெற்றவன்தான் பிறர்க்குப் பட்ட கடனை மறவாதிருக்கவேண்டும். கிறிஸ்தவத் தோழர்களே, அடுத்த முறை கோயிலில் முழந்தாளிடுமுன், நம்மால் தலைகுனிந்தவர் எவரேனும் தெருவோரத்தில் உட்கார்ந்திருக்கிறாரா என்று ஒருமுறை திரும்பிப் பார்ப்போமாக!