த்ராட்டில் சென்ஸார் போச்சா? மாற்றுவதற்கு முன் இதைப் பாருங்க!

சிக்னலில் நிற்கும்போது கார் தானாகவே உறுமுகிறது. அடுத்த நொடியே ஆஃப் ஆகிவிடுவதுபோல நடுங்குகிறது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் ஒரு விநாடி ஒன்றுமே நடப்பதில்லை. பிறகு திடீரென்று குதிக்கிறது. டேஷ்போர்டில் செக் இன்ஜின் லைட். மெக்கானிக் ஸ்கேனரைச் செருகிய இரண்டாவது நிமிடம், ‘த்ராட்டில் பொசிஷன் சென்ஸார் போயிடுச்சு சார், மாத்திடலாம்’ என்கிறார். மாற்றிய பிறகும் லைட் அணையாமல் போக, பில்லையும் காரையும் மாறி மாறிப் பார்த்தபடி நிற்பவர்கள் உண்டு.

இன்ஜினுக்குக் காற்று போகும் வழியில் வட்டமான ஒரு தகடு இருக்கிறது. மிதிக்க மிதிக்க அது திறக்கும். எவ்வளவு திறந்திருக்கிறது என்பதை வோல்ட்டேஜாக மாற்றி, இசியூ என்கிற கம்ப்யூட்டருக்குச் சொல்வதுதான் இந்த சென்ஸாரின் வேலை. அந்தத் தகவல் தப்பினால், பெட்ரோல் கணக்கும் தப்பும்.

கேபிள் வைத்த பழைய கார்களில் சென்ஸாருக்கு வழக்கமாக மூன்று வயர்கள்: 5 வோல்ட் சப்ளை, எர்த், சிக்னல். ஸ்கேனர் பி0122 என்று காட்டினால் சிக்னல் வோல்ட்டேஜ் குறைவு. பி0123 என்றால் அதிகம். அவ்வளவுதான் அதற்குத் தெரியும். எர்த் வயர் அறுந்தாலே சிக்னல் 5 வோல்ட்டை நெருங்கி பி0123 வந்துவிடும். சப்ளை வயர் அறுந்தால் பி0122. இரண்டிலும் சென்ஸார் நிரபராதி! வயரை எலி கடித்திருக்கலாம். வாட்டர் வாஷில் இன்ஜின் மேல் பிரஷராகத் தண்ணீர் அடித்ததில் கனெக்டருக்குள் ஈரம் போயிருக்கலாம். பின் பச்சை பூத்திருக்கலாம். எனவே முதலில் இக்னிஷனை ஆஃப் செய்து, கனெக்டரைக் கழற்றிக் கண்ணால் பார்ப்பதுதான் சரி. இதற்குச் செலவே இல்லை.

அடுத்தது மல்டிமீட்டர். சில நூறு ரூபாய்க்கே கிடைக்கும். இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் இக்னிஷனை மட்டும் ஆன் செய்து, சப்ளையில் 5 வோல்ட் வருகிறதா, எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டும் சரி என்றால் கனெக்டரை மாட்டிவிட்டு சிக்னல் வயரைச் சோதிக்கலாம். தகடு மூடியிருக்கும்போது பெரும்பாலும் 0.5 முதல் 1 வோல்ட்டுக்குள் இருக்கும்; முழுதாகத் திறந்தால் 4 வோல்ட்டைத் தாண்டும். காருக்குக் கார் இது கொஞ்சம் மாறும்.

முக்கியமானது நடுவில் நடப்பது. ஆக்ஸிலரேட்டரை மெதுவாக அழுத்தும்போது வோல்ட்டேஜ் சீராக ஏற வேண்டும். ஓரிடத்தில் சட்டென்று விழுந்து மறுபடி எழுந்தால், சென்ஸாருக்குள் இருக்கும் தடம் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். அப்போது தாராளமாக மாற்றலாம். இந்தச் சோதனைக்கு முள் வைத்த பழைய மீட்டர்தான் கில்லாடி. நொடியில் வந்து போகும் சறுக்கலை டிஜிட்டல் மீட்டர் கோட்டைவிட்டுவிடும், முள் துள்ளிக் காட்டிவிடும்.

கேபிளே இல்லாத எலெக்ட்ரானிக் த்ராட்டில் கார்களில் கதை வேறு. இவற்றில் தகட்டைத் திறப்பது மோட்டார். அதைக் கண்காணிக்க த்ராட்டில் பாடிக்குள்ளேயே இரண்டு சென்ஸார்கள் இருக்கும். இரண்டும் சொல்வது ஒத்துப்போகாவிட்டால் பி2135 வரும். பெடலில் இருக்கும் சென்ஸார்கள் முரண்பட்டால் பி2138. கார் காட்டும் அறிகுறிகள் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால் கோடைச் சரியாகப் படிக்காமல், பெடலுக்குப் பதில் த்ராட்டில் பாடியை மாற்றும் கூத்தும் நடக்கலாம். பல மாடல்களில் சென்ஸார் தனியாகக் கிடைக்காது, த்ராட்டில் பாடியையே வாங்க வேண்டும். பில் எகிறுவது இங்கேதான். இக்னிஷன் ஆனில் இருக்கும்போது இந்தத் தகட்டை விரலால் தள்ளிப் பார்க்கவே கூடாது. மோட்டார் சட்டென்று மூடினால் விரலுக்கு ஆபத்து.

‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று தள்ளிப்போடும் கோளாறும் இல்லை இது. முரண்பாடு தெரிந்ததும் இசியூ பாதுகாப்புக்காக இன்ஜின் சக்தியைக் குறைத்துவிடும். நெடுஞ்சாலையில் லாரியை ஓவர்டேக் செய்யும் நேரத்தில் அது நடந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். குடும்பத்தோடு வெளியூர் கிளம்பும் முன் ஷெட்டுக்குப் போய், ‘கோடு என்ன நம்பர்? வோல்ட்டேஜ் எவ்வளவு வந்தது?’ என்று இரண்டே கேள்விகளைக் கேளுங்கள். கோடை அழித்து லைட்டை அணைத்துக் கொடுத்தால் ரிப்பேர் முடிந்ததாகாது. த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்தாலோ மாற்றினாலோ, பல கார்களில் ஐடிலிங்கை இசியூவுக்கு மறுபடி பழக்க வேண்டியிருக்கும். அதைச் செய்தாயிற்றா என்றும் கேட்டுவிட்டே சாவியை வாங்குங்கள்.