வாந்திக்கு ஒரு மாத்திரை

தில்லியில் மருந்துக்கடைக் கவுண்டருக்குப் பின்னால் இருபத்தைந்து ஆண்டுகளாக நிற்கிறேன். தமிழில் பேசலாம் என்பதற்காகவே நம்மவர்கள் என் கடைக்கு வந்து இரண்டு நிமிடம் கூடுதலாக நிற்பார்கள். வாந்தி என்றால் மட்டும் பேச்சு சுருங்கிவிடும். "பித்தம் சார், ஒரு மாத்திரை குடுங்க."

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அன்பர் அப்படித்தான் வந்தார். ஊரிலிருந்து வந்த தாயாருக்குக் காலையிலிருந்து வாந்தி, ரயில் சாப்பாடு சேரவில்லை என்றார். டாம்பெரிடோன் கேட்டார், கொடுத்துவிட்டேன். வயது என்ன, சர்க்கரை உண்டா, வியர்த்ததா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாலையில்தான் தெரிந்தது, மாரடைப்பு. சர்க்கரை நோயாளிகளுக்கும் வயதான பெண்களுக்கும் நெஞ்சுவலி இல்லாமலே, வாந்தியும் வியர்வையுமாக அது வருவதுண்டு. போதாக்குறைக்கு, டாம்பெரிடோன் இதயத் துடிப்பைப் பாதிக்கக்கூடும் என்று 2014-லேயே ஐரோப்பாவில் அதற்குக் கட்டுப்பாடு விதித்திருந்தார்கள். அம்மையார் பிழைத்துக்கொண்டார். அன்பர் என்னைக் குறை சொல்லவில்லை, சொல்லியிருக்கலாம்.

டாம்பெரிடோன், ஆன்டான்செட்ரான் இரண்டுமே டாக்டர் சீட்டுக்குத்தான் தரவேண்டிய 'ஷெட்யூல் எச்' மருந்துகள். நடப்பு என்னவென்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இப்போது நான் கேள்வி கேட்கிறேன். எத்தனை முறை ஆயிற்று? பச்சையாகவா, காப்பித்தூள் போலவா? தலையில் அடிபட்டதா? கர்ப்பமா? குழந்தை கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தது? "நீங்க என்ன டாக்டரா?" என்று சிலருக்குக் கோபம் வருகிறது. டாக்டர் இல்லை என்பதால்தான் கேட்கிறேன்.

பெரும்பாலோருக்குத் தேவைப்படுவது உப்பு-சர்க்கரைக் கரைசல்தான். 1971-ல் வங்காளதேச அகதி முகாமில் டாக்டர் திலீப் மஹலனாபிஸ் அதைக் கொண்டே காலரா நோயாளிகளைக் காப்பாற்றினார். பெரிய பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணீரில் மொத்தமாகக் கரைக்கவேண்டும். டம்ளருக்குக் கொஞ்சம் என்று கிள்ளிப் போடக்கூடாது. வாந்தி எடுத்தபின் பத்து நிமிடம் விட்டு, ஒவ்வொரு ஸ்பூனாகக் கொடுக்கலாம். அட்டைப்பெட்டியில் வரும் இனிப்புப் பானம் வேறு. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி இல்லாத பானங்கள் ஓ.ஆர்.எஸ். என்ற பெயரைப் போடக்கூடாது என்று 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது.

பகலில் வீட்டில் தனியாக இருக்கும் நம் பெரியவர்களுக்கு இந்தியில் 'உல்ட்டி' என்ற ஒரு சொல்லுக்குமேல் வராது. கடைக்காரர் கேட்டாலும் பதில் சொல்ல முடியாது. அவர்களுடைய வயது, வியாதி, தினமும் சாப்பிடும் மாத்திரைகள் ஆகியவற்றை இந்தியில் ஒரு சீட்டில் எழுதி அவர்கள் பர்ஸில் வைத்துவிடுங்கள். எழுத நேரமில்லாதவர்கள் ஞாயிற்றுக்கிழமை சங்கத்துக்கு மாத்திரை அட்டைகளோடு வாருங்கள், நான் எழுதித் தருகிறேன்.