ஃபீஸ் இல்லை என்றால் இலவசமா?

உயர்தரப் பெறுபேறு வந்த கையோடு எங்க வட்ஸ்அப் குழுக்களில் விளம்பரங்கள் கொட்டும். “வெளிநாட்டில் இலவசமாகப் படிக்கலாம்”, “100% புலமைப்பரிசில்”. கீழே ஒரு ஏஜென்டின் நம்பர். விரித்துப் பார்த்தால் பல நேரம் அது புலமைப்பரிசிலே இல்லை, வெறும் கட்டண விலக்கு. வகுப்பில் உட்காரக் காசு கேட்க மாட்டார்கள், அவ்வளவுதான். சோறு, அறை, டிக்கெட், வீசா எல்லாம் நம்ம தலையில்.

ஜெர்மனியை எடுப்போம். அங்கே பெரும்பாலான அரச பல்கலைக்கழகங்களில் வெளிநாட்டு மாணவருக்கும் கல்விக் கட்டணம் கிடையாது. உண்மைதான். ஆனால் வீசா கேட்டுப் போனால், ஒரு வருஷச் செலவுக்குக் கையில் காசு இருக்கு என்று காட்ட வேண்டும். 2024 செப்டம்பரிலிருந்து அந்தத் தொகை 11,904 யூரோ. எங்க காசில் 35 லட்சத்துக்கு மேல்.

அதே 2024இல்தான், எத்தனையோ இழுபறிக்குப் பிறகு, தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவானது. மாதம் 25 நாள் முழுப்பேர் விழுந்து, ஒரு சதம் கூடச் செலவழிக்காமல் சேர்த்தாலும் 35 லட்சத்துக்கு எட்டரை வருஷம் பிடிக்கும். வத்தேகமவுக்கு மேலே, பன்விலையிலோ மடுல்கலையிலோ ஒரு லயத்துக்கு இந்த ‘இலவசத்தின்’ விலை அதுதான். அந்த இலவசமும் சுருங்கிக்கொண்டே வருது. ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வரும் மாணவரிடம் பின்லாந்து 2017இலும் நோர்வே 2023இலும் கட்டணம் அறவிடத் தொடங்கிவிட்டன.

இலவசம் என்ற சொல் எங்களுக்குப் புதுசில்ல. 1945இல் கன்னங்கராவின் இலவசக் கல்வியை நாடே கொண்டாடியது. தோட்டப் பாடசாலைகளை அரசு கையேற்க 1970கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நடுவில் 1948இல் பிரஜாவுரிமையும் போச்சு. சொல் ஒரு பக்கம், அது வந்து சேரும் வீடு இன்னொரு பக்கம்.

உண்மையான புலமைப்பரிசில் எப்படி இருக்கும் என்பதற்கும் உதாரணம் இருக்கு. இந்திய அரசு இலங்கை மாணவர்களுக்குத் தரும் நேரு ஞாபகார்த்தப் புலமைப்பரிசிலில் கட்டணத்தோடு மாதாந்தப் படியும் தங்குமிடப் படியும் சேர்ந்தே வருது. படிக்கிற பிள்ளை சாப்பிடவும் வேண்டும் என்று யோசித்துப் போட்ட திட்டம் அது. ஆனால் விஞ்ஞான, கணிதப் பிரிவே இல்லாத பாடசாலையில் படித்த பிள்ளையும், கண்டி நகரத்துப் பெரிய பாடசாலையில் டியூஷனோடு படித்த பிள்ளையும் பெறுபேற்றை வைத்துப் போட்டியிட்டால் யார் ஜெயிப்பார் என்று நாங்க சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

“சும்மா தருவதிலும் குறையா? வாய்ப்பு இருக்கு, நீங்கதான் தேடல்ல” என்பார்கள். தேடியதால்தான் பேசுகிறோம். பாஸ்போர்ட் எடுக்கவும், சான்றிதழ்களை மொழிபெயர்க்கவும், கொழும்புக்குப் போய் வரவும் கைக்காசு வேண்டும். எந்தப் புலமைப்பரிசிலும் கிடைப்பதற்கு முன்னாலேயே செலவு தொடங்கிவிடுது. பிள்ளை திறமையில்லாமல் அல்ல, அந்த முதல் ஐம்பதாயிரம் இல்லாமல்தான் நின்றுவிடுகிறது.

ஆகவே நாங்க கேட்பது பிச்சை இல்லை. கட்டண விலக்கைப் புலமைப்பரிசில் என்று விளம்பரப்படுத்துவதைக் கல்வி அமைச்சு தடுக்கட்டும். ஒவ்வொரு அறிவித்தலும் தமிழில், கால அவகாசத்தோடு, வத்தேகம வலயத்தின் கடைசித் தோட்டப் பாடசாலை வரை போகட்டும். தெரிவாகும் பிள்ளையின் ஆரம்பச் செலவுக்கு வட்டியில்லாக் கடன் வேண்டும். தோட்டப் பாடசாலைகளுக்குத் தனி ஒதுக்கீடும் வேண்டும்.

அதுவரைக்கும், யாராவது “ஃப்ரீ” என்று சொன்னால் ஒரே ஒரு கேள்வி கேளுங்க: சோத்துக்கு யார் காசு?