அலுமாரிக்குள் பூட்டிய வண்டி



கொஞ்சம் நீளமான பதிவு. பெற்றோர்களும் சக ஆசிரியர்களும் பொறுமையாக வாசியுங்கள். கோபம் வந்தால் கடைசி வரை வாசித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

போன மாதம் சாதாரண தர வகுப்பு மாணவன் ஒருவனிடமிருந்து ரிமோட் வண்டி ஒன்றைப் பறித்து, விடைத்தாள்கள் வைக்கும் அலுமாரிக்குள் பூட்டினோம். "சோதினைக்கு மூணு மாசம் இல்ல, இவருக்கு விளையாட்டுக் காரா?" என்று ஆசிரியர் அறையில் சிரித்தோம். அடுத்த நாள் அவனுடைய உம்மா வந்தார். திருப்பிக் கேட்கத்தான் வந்திருப்பார் என்று நினைத்தோம். அவர் சொன்னது: "சேர், அதக் குடுத்துராதீங்க. சோதின முடியுமட்டும் உங்களுக்கிட்டயே கிடக்கட்டும்."

நமக்கு அன்று பெருமையாக இருந்தது. வீடும் பள்ளிக்கூடமும் ஒரே பக்கம் நிற்கிறது என்று.

அந்த மாணவன் அழவும் இல்லை, எதிர்த்துப் பேசவும் இல்லை. ஒன்றை மட்டும் கேட்டான். "சேர், பெட்டரியக் கழட்டி வெச்சீங்களா? கழட்டாம வெச்சா பழுதாப் போயிரும். ஊதினா நெருப்பும் புடிக்கும்."

நாங்கள் கழற்றவில்லை. கழற்ற வேண்டும் என்பதே எங்களில் ஒருவருக்கும் தெரியாது. கடதாசிக் கட்டுகளுக்கு நடுவில் லிதியம் பற்றரியோடு ஒரு வண்டியை ஒரு நாள் முழுக்கப் பூட்டி வைத்திருந்தோம். அங்கே படித்தவர் யார், படிக்க வேண்டியவர் யார்?

பிறகுதான் அதை வெளியே எடுத்து ஒழுங்காகப் பார்த்தோம். அது கடையில் வாங்கிய கார் அல்ல. பாறை ஏறும் வண்டி. 'ரொக் குரோலர்' என்று சொல்வார்கள். வேகமாக ஓடாது. ஆமை மாதிரி ஊர்ந்து, கல்லுக்கு மேல் கல்லாக ஏறும். ஒலுவில் கடற்கரையில் கடலரிப்பைத் தடுக்கக் கொட்டியிருக்கும் கருங்கற்கள்தான் அவனுக்குச் சோதனைக் களம்.

எதில் செய்திருக்கிறான் என்று கேளுங்கள்.

தச்சுப் பட்டறையில் தூக்கிப் போட்ட கோட்லஸ் டிரில்லின் மோட்டாரும் அதன் கியரும். உடைந்த பெரிய விளையாட்டு ஜீப் ஒன்றின் இரண்டு அச்சுகள். அச்சுகளைப் பிடிக்கும் கம்பிகள் பழைய ரீவி அன்டெனாவின் அலுமினியக் குழாய். சில்லு மூன்றங்குல எஸ்லோன் பைப்பில் வெட்டியது. அதன் மேல் செருப்பு ஸ்பொஞ், அதற்கு மேல் சைக்கிள் டியூப். பற்றரி பழைய லெப்டொப்பில் எடுத்த மூன்று செல்கள். ஒன்று 3.7 வோல்ற்று, மூன்றையும் தொடராக இணைத்து 11.1. ரிமோட்டும் வேகக் கட்டுப்பாட்டுப் பலகையும் மட்டும்தான் காசு கொடுத்து வாங்கியவை. ஈயம் பற்றவைத்தது தரம் 8 படிக்கும் தங்கச்சி. "அவட கை நடுங்காது சேர்" என்றான்.

இப்போது நமது பாடப் புத்தகத்தைத் திறப்போம். விசையின் திரும்பல் விளைவு. உராய்வு. புவியீர்ப்பு மையம். இந்தப் பாடங்களை வெண்பலகையில் எத்தனை வருடமாக எழுதி எழுதி அழித்திருக்கிறோம்!

அவனுடைய கொப்பியின் பின்பக்கத்தில் ஒரு கணக்கு இருந்தது. வண்டி 2 கிலோ. 45 பாகைச் சரிவில் ஏற வேண்டும். 2 × 10 × 0.7, அதாவது ஏறக்குறைய 14 நியூற்றன் விசை வேண்டும். சில்லின் ஆரை 5 சென்ரிமீற்றர், அதாவது 0.05 மீற்றர். ஆகவே சில்லுகள் எல்லாம் சேர்த்து 0.7 நியூற்றன் மீற்றர் முறுக்குவிசை கொடுக்க வேண்டும். மோட்டார் தனியாக அதைக் கொடுக்காது. நிமிடத்துக்குப் பல ஆயிரம் தடவை சுற்றும் மோட்டாரைக் கியர் போட்டுக் குறைத்தால்தான் வேகம் போய் பலம் வரும். அந்தக் கணக்கை எந்த ரியூஷன் வகுப்பும் அவனுக்குக் கொடுக்கவில்லை. கல் கொடுத்தது.

அச்சுக்குள் இருக்கும் டிஃபரன்ஷியலை எபொக்சி போட்டு இறுக்கியிருக்கிறான். ஏன் என்று கேட்டோம். ஒரு சில்லு அந்தரத்தில் தொங்கினால் டிஃபரன்ஷியல் சுழற்சியை எல்லாம் அந்தச் சில்லுக்கே கொடுத்துவிடும், கல்லில் நிற்கும் சில்லு சும்மா நிற்கும், இறுக்கினால் இரண்டும் சேர்ந்து சுற்றும் என்றான். முன் சில்லுகளுக்குள் மீன் வலைக்குக் கட்டும் ஈயக்குண்டுகள். பாரம் கீழேயும் முன்னாலேயும் இருந்தால் ஏறும்போது மல்லாக்க விழாதாம். கியர் பல் மூன்று தடவை உடைந்ததாம். நான்காவது தடவை பழைய பிரின்டர் ஒன்றிலிருந்து இரும்புப் பல்லுச்சக்கரம் எடுத்துப் போட்டிருக்கிறான்.

மூன்று தடவை தோற்று நான்காவது தடவை எழும்பிய பிள்ளைக்கு நாங்கள் வைத்த பெயர் 'படிப்பில் கவனமில்லாதவன்'.

இனி ஊரிடம் கேட்கிறோம்.

மீலாத் மேடைகளில் அல் ஜஸரியைப் பற்றிப் பேசாத வருடம் உண்டா? 1206ஆம் ஆண்டிலேயே தண்ணீர் இறைக்கும் பொறிகளையும் யானைக் கடிகாரத்தையும் படம் வரைந்து விளக்கி நூல் எழுதிய முஸ்லிம் என்று மார்தட்டுகிறோம். பக்தாதின் பனூ மூஸா சகோதரர்களைப் பற்றிப் பிள்ளைகளைப் பேச்சுப் போட்டியில் பேச வைத்துக் கிண்ணம் கொடுக்கிறோம். அந்த அல் ஜஸரி இன்று நமதூரில் பதினாறு வயதுப் பையனாக இருந்தால் அவருடைய கடிகாரமும் எங்கள் அலுமாரிக்குள்தான் கிடக்கும். தாவூத் நபி (அலை) அவர்கள் தன் கையால் உழைத்துச் சாப்பிட்டார்கள் என்று குத்பாவில் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, கையில் கிறீஸ் பட்ட மகனைப் பார்த்து முகம் சுளிக்கிறோம்.

உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு 2013இல் வந்தது. இன்னும் நமதூரில் அதற்குப் பெயர் 'ஒண்டுக்கும் ஏலாதவன் போற பிரிவு'. ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பீடமும் இருக்கிறது, தொழினுட்ப பீடமும் இருக்கிறது. அந்தக் கருங்கற்களிலிருந்து அது எவ்வளவு தூரம்? தூரம் பாதையில் இல்லை, நமது மனதில் இருக்கிறது. டொக்டர் ஆகாத பிள்ளைகள் எங்கே போகிறார்கள்? கத்தாருக்கும் சவூதிக்கும். ஹெல்பராகப் போவதும் டெக்னீஷியனாகப் போவதும் ஒன்றா? இரண்டு சம்பளமும் ஒன்றா? மரியாதை ஒன்றா?

"சோதினை நேரத்தில் இதெல்லாம் தேவையா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நேரம் வரையறுத்துக் கொடுங்கள், மறுக்கவில்லை. ஆனால் அதே பிள்ளை இரவு ஒரு மணி வரை ஃபோனில் கேம் விளையாடும்போது இந்த ஊர் சத்தம் போடவில்லையே? விரல் அசைத்தால் பரவாயில்லை, கை அசைத்தால்தான் குற்றமா?

"ஆபத்து இல்லையா?" உண்டு. லிதியம் செல்லை அதிகமாக ஏற்றினாலும், கம்பிகள் முட்டுப்பட்டாலும் தீப்பிடிக்கும். ஈயப் புகை மூச்சுக்குக் கூடாது. அதனால்தான் சொல்கிறோம், இதைக் கட்டிலுக்குக் கீழே ஒளித்துச் செய்ய விடாதீர்கள். ஒளித்துச் செய்ய வைத்தது யார்? நாம்தான்.

ஆகவே மூன்று விடயங்கள்.

ஒன்று, பள்ளிவாசல் நூலகத்தின் மேல்மாடி பின்னேரங்களில் சும்மாதான் கிடக்கிறது. ஒரு மேசை, ஒரு வைஸ், இரண்டு சோல்டரிங் அயன், ஒரு மல்டிமீற்றர், ஒரு தீயணைப்பான். வாரத்தில் இரண்டு மணித்தியாலம். மேற்பார்வைக்கு ஆசிரியர்கள் நாங்கள் முறை போட்டு வருகிறோம், சம்பளம் வேண்டாம். பெண் பிள்ளைகளுக்கும் தனியாக நேரம் ஒதுக்க வேண்டும்.

இரண்டு, கராஜ் வைத்திருக்கும், ரீவி திருத்தும், தச்சு வேலை செய்யும் சகோதரர்களே, பழைய இரும்புக்காரனுக்குக் கிலோக் கணக்கில் போடுவதற்கு முன் பிள்ளைகளுக்கு ஒரு பெட்டி ஒதுக்குங்கள். மாதத்தில் ஒரு நாள் வந்து கையைப் பிடித்துக் காட்டிக் கொடுங்கள். அந்த அறையில் நீங்கள்தான் உஸ்தாத், நாங்கள் மாணவர்கள்.

மூன்றாவது எங்களுக்கு. திங்கட்கிழமை அந்த அலுமாரி திறக்கப்படும். வண்டி காலைக் கூட்டத்தில் எல்லா மாணவர்களுக்கும் முன்னால் அவனுடைய கையில் திருப்பிக் கொடுக்கப்படும். எல்லோருக்கும் முன்னால்தான் பறித்தோம், ஆகவே எல்லோருக்கும் முன்னால்தான் கொடுக்க வேண்டும். விசையின் திரும்பல் விளைவை அன்று தரம் 10க்கு அவனே நடத்துவான். நாங்கள் பின்வாங்கில் இருப்போம்.

அவனுடைய உம்மாவுக்கும் சொல்லி அனுப்பியிருக்கிறோம். வந்து பார்க்கட்டும்.

நூலக அறை விடயத்தில் உதவக்கூடியவர்கள் கீழே எழுதுங்கள். திட்ட வேண்டியவர்களும் எழுதுங்கள். ஆனால் திட்டுவதற்கு முன் உங்கள் வீட்டுக் கட்டிலுக்குக் கீழே ஒருமுறை குனிந்து பாருங்கள். அங்கே என்ன ஒளித்து வைக்கப்பட்டிருக்கிறதோ, யாருக்குத் தெரியும்.