ஒரு கோலும் அதன் நிழலும்

எட்டுக் கோள்களின் பெயர்களையும் ஒரே மூச்சில் ஒப்புவிக்கும் பிள்ளையைக் கண்டு நாம் மகிழ்கின்றோம். ஆனால், "சூரியன் எல்லா நாளும் ஒரே இடத்திலா உதிக்கின்றது?" என்று கேட்டால் அப்பிள்ளை விழிக்கின்றது. ஞாயிற்றுத் தொகுதி பற்றிய பாடம் புத்தகத்தில் அல்ல, முற்றத்தில் தொடங்க வேண்டும் என்பதே எமது கருத்து.

ஒரு மீற்றர் நீளமான கோலொன்றை நிமிர்த்தி நடுங்கள். நண்பகலில் நிழல் மிகக் குறுகும் வேளையில், அதன் நுனியில் பிள்ளை ஒரு கல்லை வைக்கட்டும். வாரம் ஒருமுறை இதைச் செய்யட்டும். சூரியனை நேரே பார்க்க மட்டும் விடாதீர்கள். லுணுகலையில் டிசம்பர் 22ஆம் திகதியளவில் அந்நிழல் வடக்கே ஏறக்குறைய 59 சென்ரிமீற்றர் நீளும். ஏப்ரல் 7ஆம் திகதியளவில் நிழலே இராது. ஜூன் 21இல் தெற்கே 29 சென்ரிமீற்றர் விழும். ஏன்?

விடையை உடனே சொல்லிவிடாதீர்கள். தோடம்பழமொன்றைச் சற்றுச் சரித்துப் பிடித்து, அந்தச் சரிவு மாறாமல் விளக்கைச் சுற்றி வரச் சொல்லுங்கள். பூமி 23½ பாகை சரிந்தபடியே சூரியனைச் சுற்றுகின்றது என்பதைப் பிள்ளை தானே கண்டுகொள்ளும்.

இது நடவாத காரியமன்று. இந்தியாவின் மத்தியப் பிரதேசத்தில், ஹோஷங்காபாத் மாவட்டத்தின் 16 கிராமப் பாடசாலைகளில், 1972இல் இவ்வாறான விஞ்ஞானக் கல்வி ஆரம்பமானது. அங்கே பிள்ளைகள் செய்து பார்த்து, கேள்வி கேட்டுக் கற்றனர். பின்னர் பல பாடசாலைகளுக்குப் பரவிய அத்திட்டம் 2002 வரை நடைபெற்றது.

"இடம்பெயர்ந்து வந்த எமக்கு இது எதற்கு? பரீட்சையில் சித்தியடைந்தால் போதாதா?" என்று பெற்றோர் கேட்கலாம். பரீட்சை முக்கியம்தான். ஆயினும் விளங்கிக் கற்றது மறவாது. காணியையும் வீட்டையும் விட்டு வந்தீர்கள். விதைப்புக் காலத்தில் எந்த மேட்டுக்கு மேலே சூரியன் எழுந்தது என்ற அறிவை விட்டு வரவில்லை. அதைப் பிள்ளைக்குச் சொல்லுங்கள். இன்று இருக்கும் இடத்தில் அது எந்த மலைக்கு மேலே எழுகின்றது என்று பிள்ளை பார்த்துச் சொல்லட்டும்.

சொன்னதைக் கேட்டு வரிசையில் நிற்கவே இடம்பெயர்ந்த பிள்ளைகள் பழகிவிடுகின்றனர். நிழல் ஏன் திரும்பியது என்று கேட்டுப் பழகிய பிள்ளை, நிவாரணப் பட்டியலில் தன் குடும்பத்தின் பெயர் ஏன் இல்லை என்றும் நாளை கேட்கும். அதற்காகவேனும் முற்றத்தில் ஒரு கோலை நடுவோம்.