கொசு ஒழிப்பா, மீன் விதைப்பா?

மழைக்காலம் நெருங்கினால் பல ஊர்களில் மாணவர்கள் குளக்கரையில் வாளியோடு நின்று படமெடுத்துக்கொள்கின்றனர். வாளியில் இருப்பவை கப்பியும் காம்பூசியாவும். இதற்கு நாம் சூட்டியுள்ள பெயர் ‘இயற்கைவழிக் கொசு ஒழிப்பு’. உயிரியல் பயின்றோர் இப்பெயரை ஏற்கலாகாது என்பதே என் வாதம்.

முதலில் அம்மீனின் உடலியல். காம்பூசியா முட்டையிடுவதில்லை, குட்டியீனுகிறது. ஆணின் குதத்துடுப்பு நீண்டு புணர்ச்சி உறுப்பாக மாறியுள்ளது. கருக்கள் தாயின் உடலுக்குள் வளர்ந்து, மூன்று நான்கு வாரங்களில் நீந்தும் குட்டிகளாக வெளிவருகின்றன. ஒருமுறை பெற்ற விந்தணுக்களைப் பெண்மீன் மாதக்கணக்கில் சேமித்து அடுத்தடுத்த ஈற்றுகளுக்குப் பயன்படுத்தவல்லது. ஆகவே, சினைமீன் ஒன்று தப்பினாலே புதிய கூட்டம் உருவாகிவிடலாம். மெக்சிகோ வளைகுடாக் கரையோர நீர்நிலைகள் இதன் தாயகத்தில் அடங்கும். உவர்நீரையும் உயிர்வளி குறைந்த நீரையும் இது தாங்கும். 1928-இல் இத்தாலியிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. தென் அமெரிக்கக் கப்பியும் இதே குடும்பத்தைச் சேர்ந்த குட்டியீனும் மீனே.

‘கிணற்றிலும் குளத்திலும்தானே விடுகிறோம்’ என்னும் சமாதானம், உல்லாஸ் ஆறு கழிமுகமாக விரியும் எங்கள் கல்யாணில் செல்லாது. 2005-ஆம் ஆண்டின் வெள்ளத்தையும் 2019-ஆம் ஆண்டின் வெள்ளத்தையும் கண்டவர்கள், குளமும் சாக்கடையும் ஆறும் ஒன்றாகும் விதத்தை அறிவார்கள். வெளியேறிய மீனைத் திரும்பப் பெற எந்த மாநகராட்சியாலும் இயலாது. காம்பூசியா தலைப்பிரட்டைகளையும் பிற மீன்களின் குஞ்சுகளையும் உண்ணும். பெரிய மீன்களின் துடுப்புகளைக் கடித்துக் குதறும். உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவல் உயிரினங்களின் பட்டியலில் அதற்கு இடம் கிடைத்தது தற்செயலன்று.

இவ்விழப்புக்கு ஈடாக நோய் குறைந்ததா? காக்ரேன் அமைப்பு 2017-இல் புதுப்பித்த மீளாய்வில், மீன்விடுதலால் மக்களிடையே மலேரியாத் தொற்று குறைந்ததா என அளந்த ஆய்வு ஒன்றுகூட அகப்படவில்லை. சில நீர்நிலைகளில் புழுக்கள் குறைந்தது உண்மை; ஆயினும் புழு குறைவதும் நோய் குறைவதும் ஒன்றல்ல. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவோ ஏரியை நாடுவதில்லை. குழாய்நீர் சில மணிநேரமே வரும் தாராவியில், வீட்டுக்குள் நீர் நிரப்பி வைக்கும் பீப்பாய்களே அதற்குப் போதும். பம்பாயின் மலேரியாவை ஆராய்ந்த பென்ட்லி, 1911-இலேயே கிணறுகளையும் தொட்டிகளையும் சுட்டிக்காட்டினார். மூடி போடவேண்டிய இடத்தில் நாம் மீன் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

‘மனித உயிர் பெரிதா, தவளை பெரிதா?’ என்று கேட்பார்கள். இது பொய்யான எதிர்நிலை. நோயாளியைக் காப்பது மூடிய தொட்டியும் தடையற்ற குடிநீரும்தான். அவை தவளைக்கும் கேடு செய்வதில்லை. மீன்தான் வேண்டுமெனில், ஆப்லோகைலஸ் பிளாக்கி என்னும் நம் நாட்டுச் சிறுமீன் இருக்கிறது. 1990-களில் கோவாவில், உயிரிப் புழுக்கொல்லியோடு இதனையும் சேர்த்து, நகர மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் ஸ்டீபன்சிக்கு எதிராகக் களச்சோதனை நடத்தினர். இம்மீன் குட்டியீனுவதில்லை, நீர்ச்செடிகளில் முட்டையிடும். அயலிலிருந்து வந்து இந்நீரைக் கைப்பற்றியதும் அன்று.

எனவே விலங்கியல் துறைகளுக்கு என் வேண்டுகோள்: மீன்விடும் விழாக்களுக்கு மாணவரை அனுப்பாதீர்கள். விட்ட இடங்களில் என்ன மிஞ்சியிருக்கிறது என்று கணக்கெடுக்க அனுப்புங்கள். கல்யாணின் குளங்களிலிருந்தே தொடங்கலாம். உடன்வர நான் ஆயத்தம்.