சாவி தருமுன் சான்று எங்கே?

தோழனே!

ஓசூரைக் கடந்து, சூசுவாடி வழியே அத்திப்பள்ளி நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையிலே சற்று நின்று பார்! சரக்கேற்றிய லாரிகள் சாரை சாரையாகச் செல்லக் காண்பாய். அந்த லாரியோட்டியை வழிமறித்து, "உரிமம் எங்கே?" என்று கேட்கச் சட்டம் உண்டு, இல்லையென்றால் தண்டனையும் உண்டு. வேண்டியதுதான்.

அதே லாரி ஆலைக்குள் நுழைகிறது. அங்கே, இரும்புக் கரமிரண்டை நீட்டிச் சுமை தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி காத்திருக்கிறது. ஓட்டுபவன் அன்று வரவில்லை.

"தம்பி, டிராக்டர் ஓட்டியிருக்கிறாயா?"

"ஊரிலே ஓட்டியிருக்கிறேன், ஐயா."

"பிறகென்ன? ஏறு!"

தீர்ந்தது தேர்வு! கிடைத்தது பட்டம்! நான் புனைந்த நாடகம்தான். ஆனால் ஒப்பந்தத் தொழிலாளியைக் கேட்டுப் பார், அறியாத காட்சி என்பானா?

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் கூறுகிறது: ஆலை வளாகத்துக்குள் மட்டுமே இயங்குவதற்கென அமைந்த தனிவகை வண்டி, மோட்டார் வாகனமே அல்ல! சாலையிலே சட்டம், வாயிலுக்குள்ளே மேலாளரின் வாய்ச்சொல்!

டிராக்டர் ஓட்டிய கை போதாதா என்பர். போதாது, தோழனே! மூன்று டன் தூக்கும் வண்டியின் சொந்த எடையே நான்கு டன்னுக்கு மேல். லாரி முன்சக்கரத்தால் திரும்பும். இதுவோ பின்சக்கரத்தால் திரும்பும். திரும்புகையில் பின்புறம் அகல வீசி, அருகே நிற்பவனைச் சுவரோடு நசுக்கும். சுமையை உயர்த்தியபடி வளைந்தால் கவிழும். கவிழும்போது, குதித்துவிடு என்று மனம் கூவும்; குதித்தவன் மீதே கூரைச் சட்டம் விழும். இடுப்புப் பட்டையோடு, பிடியை இறுகப் பற்றி, எதிர்ப்புறம் சாய்ந்திருப்பவனுக்கே பிழைக்க வழியுண்டு. இதனை அந்த இளைஞனுக்கு எவர் சொன்னார்?

முதலாளிகளின் சொர்க்கம் எனப்படும் அமெரிக்காவிலேயே, 1998இல் விதி வகுத்தனர்: பாடம் வேண்டும், செய்முறைப் பயிற்சி வேண்டும், பணியிடத்திலே தேர்வு வேண்டும், பெயரும் நாளும் பொறித்த சான்று வேண்டும். மூன்றாண்டுக்கொரு முறை மறுமதிப்பீடு. விபத்து நேர்ந்தாலோ, மயிரிழையில் தப்பினாலோ மறுபயிற்சி!

இங்கே? 1984இல் போபால் மடிந்த பின்னர், 1987இல், தொழிற்சாலைச் சட்டத்தில் 111-அ பிரிவு சேர்ந்தது. பாதுகாப்புப் பயிற்சி தொழிலாளியின் உரிமை என்றது அது. ஆலைக்குள் இயலாவிடில், பயிற்சி நிலையத்துக்கு அனுப்பக் கோரலாம் என்றது. 2025 நவம்பர் 21 முதல் அச்சட்டத்தின் இடத்தில் புதிய தொகுப்புச் சட்டம் அமர்ந்துவிட்டது. ஏட்டின் பெயர் மாறலாம். ஏழையின் எலும்பு மாறவில்லையே!

"பயிற்சிக்கு நேரமேது?" என்பர். கவிழ்ந்த வண்டியை மாலைக்குள் நிமிர்த்திவிடலாம். கவிழ்ந்த குடும்பத்தை?

ஆகவே, தோழனே, தொழிற்சங்கக் கொடியோடு ஒரு கேள்வியையும் ஆலை வாயிலுக்கு எடுத்துச் செல்: "சான்று எங்கே?" பயிற்சி நாளுக்குக் கூலி கேள். தமிழனுக்குத் தமிழில், கன்னடனுக்குக் கன்னடத்தில், ஒடிசாவிலிருந்து வந்தவனுக்கு ஒடியாவில் கற்பிக்கச் சொல். நிரந்தரத் தொழிலாளிக்கு ஒரு நீதி, ஒப்பந்தக்காரன் ஆளுக்கு ஒரு நீதி என்றால் ஒப்பாதே!

சான்று வரட்டும், பிறகு சாவி வரட்டும்!